தாயில்லாக் கன்றுக்குக் கொழும்பில் வாங்கக் கிடைப்பவை: எது காசுக்குத் தகும், எது தகாது

வத்தளை, ஹெந்தளை, கடுவலை, ஹோமாகம என்று கொழும்பைச் சுற்றி இரண்டு மாடு, நான்கு மாடு வைத்துப் பால் கறக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படியான வீட்டில் தாய்மாடு ஈற்றில் செத்துப்போனாலோ, மடிநோயால் பால் கெட்டாலோ, கன்று எழும்ப மாட்டாமல் சோர்ந்து பிறந்தாலோ வீட்டுக்காரர் முதலில் ஓடுவது கடைக்கு. கடையில் முதலில் எடுத்துத் தருவது பால்மா. வாங்கும் சாமான்களில் விலை கூடியது அதுதான். முதல் நாளில் ஆகக் குறைவாகத் தேவைப்படுவதும் அதுதான்.

எங்கள் கணிப்பில் வாங்க வேண்டிய ஒழுங்கு இது: நல்ல சூப்பியுள்ள போத்தல், வெப்பமானி, ஒரு உணவுக்குழாய் (உறிஞ்சாத கன்றின் தொண்டை வழியாகப் பால் இறக்கும் குழாய்), கன்றுக்கான உப்புக்கரைசல் பைகள். பால்மா கடைசி. வீட்டில் கறவையில் இன்னொரு மாடு நின்றால் பால்மா வாங்கவே தேவையில்லை. ஒவ்வொன்றையும் எப்படிப் பார்த்து வாங்குவது, எதில் ஏமாறுவார்கள், எப்படிப் பாவிப்பது என்று கீழே சொல்கிறோம்.

கடும்புப் பால்

இதைக் கடையில் வாங்குவது அரிது என்பதால் முதலில் சொல்லிவிடுகிறோம். கன்று பிறக்கும்போது அதன் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதம் இல்லை என்றே சொல்லலாம். மாட்டின் இளங்கொடி அதைக் கடத்துவதில்லை. எல்லாம் கடும்புப் பாலில்தான் வரவேண்டும். அந்தப் புரதத்தை உடைக்காமல் முழுதாக உறிஞ்சும் சக்தி கன்றின் குடலுக்குக் கொஞ்ச நேரம்தான் உண்டு. முதல் ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு அது வேகமாகக் குறையும். 24 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு விலையான மா வாங்கினாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.

அளவு, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 30 கிலோ கன்றுக்கு 3 லீற்றர், 22 கிலோ ஜேர்சிக் கலப்புக் கன்றுக்கு 2.2 லீற்றர். முடிந்தால் முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள், எப்படியும் ஆறுக்குள். அடுத்த பங்கு, அதில் பாதி, பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள். தாய் செத்திருந்தால் அயலில் அன்று கன்று போட்ட மாடு இருக்கிறதா என்று கேட்டு ஓடுவதே முதல் வேலை. மாடு வைத்திருக்கும் வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்து, நல்ல மாட்டின் முதல் கறவையில் மிஞ்சுவதை ஒரு லீற்றர் பைகளில் தட்டையாக உறைய வைத்துக்கொள்வது எந்தக் கடைச் சாமானையும் விட மேல். ஆழ்குளிரில் ஒரு வருடம் இருக்கும். உருக்கும்போது 50 பாகைக்கு மேற்படாத சுடுதண்ணீரில் பையை வைக்கவும். அடுப்பில் நேரே வைத்தால் புரதம் திரிந்து, வெறும் பாலாகிவிடும். மின்வெட்டில் உருகியதை மறுபடி உறைய வைக்கக்கூடாது.

பாலின் தரத்தைப் பார்க்கப் பிரிக்ஸ் மானி என்ற சிறு கருவி விற்கிறார்கள். ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். 22 அல்லது அதற்கு மேல் காட்டினால் நல்ல கடும்புப் பால். சரியான கருவிதான், ஆனால் இரண்டு மாட்டுக்காரருக்கு அவசியமில்லை. மேற்சொன்னபடி சேர்ந்து சேமிக்கும் வீடுகள் பொதுவில் ஒன்று வாங்கலாம். அளவுகோல் 0 முதல் 32 வரை போகும் மானியாகப் பாருங்கள்.

கடும்புப் பால் மா என்று வருவதில் இரண்டு வகை உண்டு. பையின் பின்புறத்தில் ஒரு தடவைக்கு எத்தனை கிராம் ஐஜிஜி (மேலே சொன்ன நோய் எதிர்ப்புப் புரதம்) என்று போட்டிருக்கும். 100 கிராமுக்குக் குறைந்தால் அது துணைக்குக் கொடுப்பது. அதை மட்டும் நம்பக்கூடாது. 150 கிராமுக்கு மேல் இருந்தால்தான் கடும்புப் பாலே கிடைக்காத கன்றுக்குக் கொடுக்கத் தகும். ஐஜிஜி அளவே போடாத பையை விட்டுவிடுங்கள். முட்டை, ஆமணக்கெண்ணெய், பால் சேர்த்துக் கலக்கும் பழைய முறை வயிற்றுக்குச் சத்துக் கொடுக்கும். நோய் எதிர்ப்பு அதில் இல்லை.

சூப்பிப் போத்தல்

இதில்தான் கன்று பிழைப்பதும் நுரையீரல் காய்ச்சலில் போவதும் பெரும்பாலும் முடிவாகிறது. ஆகவே இதில் அவசரப்படாதீர்கள்.

கடைகளில் வருவது இரண்டு லீற்றர் அளவான வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல், அதில் சிவப்பு இறப்பர்ச் சூப்பி. சூப்பி போத்தலில் நிற்கும் விதத்தில் இரண்டு மாதிரி: வாயில் இழுத்து மாட்டுவது, திருகு மூடியால் இறுக்குவது. திருகுமூடியே நல்லது. மூன்று வாரக் கன்று இழுக்கிற இழுவையில் இழுத்து மாட்டும் சூப்பி கழன்று வாய்க்குள் போகலாம். இரண்டு லீற்றர் பாலும் ஒரே மூச்சில் தொண்டையில் இறங்கலாம். இழுத்து மாட்டும் வகையே கிடைத்தால், விளிம்பு தடிப்பாக, கழுத்தின் வரம்புக்குக் கீழே முழுச் சுற்றும் இறங்கி உட்காருகிறதா என்று பாருங்கள்.

சூப்பியைக் கையில் எடுத்து நுனியைப் பெருவிரலால் அழுத்துங்கள். நுனியில் துளை சிலுவைபோல் கீறியிருக்கும். நல்ல சூப்பியில் அழுத்தினால் நான்கு இதழும் ஒரே அளவில் திறந்து, விட்டவுடன் ஒட்டி மூடும். மலிவான வகையில் கீறல் ஒரு பக்கம் நீண்டிருக்கும், அல்லது மூடாமல் வாய் பிளந்து நிற்கும். பிறகு கடைக்காரரிடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். போத்தலைக் கவிழ்த்து, அழுத்தாமல் பிடித்தால் துளித்துளியாகச் சொட்ட வேண்டும். நூல்போல ஒழுகினால் அந்தச் சூப்பி வேண்டாம். ஒன்றுமே வராவிட்டாலும் பரவாயில்லை, கன்று உறிஞ்சும்போது திறக்கும். சோர்ந்த கன்றுக்கு மட்டும் அது கடினமாக இருக்கும்.

அடுத்து காற்றுத் துளை. சூப்பியின் அடிப்பகுதியில் ஊசிமுனை அளவில் ஒரு துளை அல்லது சிறு வால்வு இருக்க வேண்டும். பால் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அது இல்லாவிட்டால் நாலு உறிஞ்சலில் சூப்பி உள்வாங்கித் தட்டையாகிவிடும். கன்று களைத்து விட்டுவிடும். கன்று குடிக்குதில்லை என்று வீட்டுக்காரர் நினைப்பது பல நேரம் இதைத்தான். கொடுக்கும்போது காற்றுத் துளை மேற்பக்கம் இருக்கட்டும்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் பிளேட்டை எடுக்கிறார்கள். பால் வரக் காணோம் என்று நுனியை வெட்டிப் பெரிதாக்குகிறார்கள். வேண்டாம். கன்று ஒரு உறிஞ்சலுக்கு ஒரு விழுங்கலாகத்தான் குடிக்கும். துளை பெரிதானால் விழுங்க முடியாத பால் மூச்சுக்குழலுக்குள் போகும். மூக்கால் பால் வருவது, குடித்து முடிந்ததும் இருமுவது, மறுநாள் மூச்சு வேகமாக இழுப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். இரண்டு லீற்றர் குடிக்க நான்கைந்து நிமிடமாவது எடுக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் போத்தல் காலியானால் சூப்பியை மாற்றுங்கள்.

குழந்தைச் சூப்பி பயன்படாது. துளை சிறிது, இறப்பர் மெல்லிது, கடித்து எடுத்துவிடும். சாதாரணத் தண்ணீர்ப் போத்தலில் திருகக்கூடிய ஆட்டுக்குட்டிச் சூப்பியும் விற்கிறார்கள். நாட்டு மாட்டின் மிகச் சிறிய கன்றுக்கு முதல் இரண்டு நாள் சமாளிக்கலாம், அதற்கு மேல் தாங்காது. கண்ணாடிப் போத்தலின் கழுத்தை வாய்க்குள் விட்டுத் தலையை நிமிர்த்தி ஊற்றும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கன்று உறிஞ்சாமல் இறங்கும் பால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

போத்தலில் உள்ள அளவுக் கோடுகளையும் நம்ப வேண்டாம். இரண்டு குவாட் என்ற அமெரிக்க அளவில் செய்தவை இங்கே இரண்டு லீற்றர் என்று விற்கப்படுகின்றன; உண்மையில் 1.9 லீற்றர்தான். வீட்டில் அளவுச் சாடியால் தண்ணீர் ஊற்றி, அரை லீற்றருக்கு ஒரு கோடாக நீங்களே அழியாத மையால் போட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் விதம்: கன்று நின்றபடி இருக்க வேண்டும், அல்லது நெஞ்சில் சாய்ந்து நிமிர்ந்து படுத்திருக்க வேண்டும். பக்கவாட்டில் படுத்த கன்றின் வாயில் போத்தல் வைக்கக்கூடாது. சூப்பி தாயின் மடி இருக்கும் உயரத்தில் இருக்கட்டும். கன்று கழுத்தை நீட்டி உறிஞ்சும்போது உணவுக்குழலின் முடிவில் உள்ள மடிப்பு ஒரு வாய்க்கால்போல் மூடிக்கொள்ளும். பால் வயிற்றின் முதல் அறைக்குள் விழாமல் நேரே நாலாவது வயிறான உண்மை வயிற்றுக்குப் போகும். நிலத்தில் வைத்த வாளியில் அவசரமாகக் குடிக்கும் கன்றில் இந்த வாய்க்கால் சரியாக மூடாமல் பால் முதல் அறையில் தேங்கிப் புளிக்கலாம். வயிறு இடப்பக்கம் உப்புவது, களிமண்போல் சாணி போடுவது அதனால்தான். தலை மிக நிமிர்ந்தாலும் தவறு. மூக்கு கண்ணுக்கு மேல் போகக்கூடாது. போத்தலைப் பிதுக்கவே வேண்டாம்.

கழுவுதல்: முதலில் வெதுவெதுப்பான தண்ணீரால் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் பால் புரதம் சுவரில் வெந்து ஒட்டிவிடும். அந்தப் படலத்தில்தான் கிருமி தங்கும். பிறகு சவர்க்காரம் போட்ட சுடுதண்ணீர், நீண்ட பிரஷ், மறுபடி அலசல். சூப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் புரட்டிக் கழுவி, போத்தலைக் கவிழ்த்து நிழலில் காயவிடவும். வெயிலில் போட்டால் இறப்பர் வெடிக்கும். போத்தல் ஒன்று வாங்கினால் சூப்பி இரண்டாக வாங்குங்கள். கொழும்பில் போத்தல் கிடைக்கும் கடை எல்லாவற்றிலும் சூப்பி தனியாகக் கிடைப்பதில்லை.

பால்மா

முதலில், வீட்டில் வேறு மாட்டின் பால் இருந்தால் அதையே கொடுங்கள். தண்ணீர் கலக்காமல். கன்றுக்குச் செமிக்க வேண்டும் என்று பாதிக்குப் பாதி தண்ணீர் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது கன்றைப் பட்டினி போடுவது. வயிற்றில் பால் உறைந்து மெதுவாகச் செமிப்பதையும் அது கெடுக்கும். நோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலும் மடிநோய்ப் பாலும் வேண்டாம்.

பால் இல்லை, மாதான் வழி என்றால் பையின் முன்பக்கத்துக் கன்றுப் படத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். புரதம் 20 முதல் 24 சதவீதம் வரை, கொழுப்பு 15 முதல் 20 வரை இருக்கட்டும். முக்கியமான எண் நார்ச்சத்து. அது 0.15 சதவீதத்துக்குள் இருந்தால் புரதம் பாலிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். அதற்கு மேல் போகப் போக சோயா, கோதுமை போன்ற தாவரப் புரதம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். மூன்று வாரம் ஆகாத கன்றுக்கு அது சரியாகச் செமிக்காது. சேர்மானத்தில் மோர்ப் புரதம், ஆடை நீக்கிய பால்மா முதலில் வருகிறதா என்று பாருங்கள். சீனி, மாப்பொருள் இருந்தால் வேண்டாம். இளங்கன்றின் குடலில் சீனியை உடைக்கும் நொதியம் இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுத்துக் கழிச்சலாக வரும். டின்பால் கரைத்துக் கொடுக்கக்கூடாது என்பதும் இதனால்தான். நிறமும் வாசனையும் சேர்த்த பால் பக்கெட்டுக்கும் இதே பதில்.

சமையலறையில் உள்ள முழு ஆடைப் பால்மா அவசரத்துக்கு உதவும். 125 கிராமைக் கரைத்து ஒரு லீற்றராக ஆக்கினால் பசும்பாலுக்குக் கிட்ட வரும். ஆனால் 400 கிராம் பக்கெட் மூன்று லீற்றருக்குச் சற்றுக் கூடத்தான் காணும். நாளுக்கு நான்கு லீற்றர் குடிக்கும் கன்றுக்கு வாரம் ஒன்பது பக்கெட் வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆடை நீக்கிய மா கன்றுக்குப் போதாது. கைக்குழந்தைகளுக்கான மாவும் பொருந்தாது. அதன் புரதம் கன்றுக்கு மிகக் குறைவு.

கரைக்கும் விதத்தில் நடக்கும் பிழைகள் மாவின் தரத்தை விடக் கூடிய கெடுதல் செய்கின்றன. லேபிளில் 125 கிராம் என்று இருந்தால், அது கரைத்து முடிந்து ஒரு லீற்றர் ஆவதற்கா, ஒரு லீற்றர் தண்ணீரில் போடுவதற்கா என்று பாருங்கள். இரண்டாவது முறையில் கலவை நீர்த்துப்போகும். கரண்டியால் அளக்க வேண்டாம். ஈரம் பட்ட மா கரண்டிக்குள் அடர்ந்து விழும். சமையல் தராசு போதும். மொத்தத் தண்ணீரில் பாதியை 45 முதல் 50 பாகைக்குச் சூடாக்கி, மாவைத் தூவிக் கம்பி மத்தால் கட்டியில்லாமல் அடித்து, மீதித் தண்ணீரால் அளவை நிரப்பி, 39 பாகையில் கொடுக்கவும். கொழும்பில் குழாய்த் தண்ணீரே 28 பாகையில் வருகிறது, சூடுதானே என்று அதில் கலக்கக்கூடாது. கொழுப்புக் கரையாமல் மேலே மிதக்கும், அடியில் மா தங்கும். கொதிநீரில் போட்டால் மோர்ப் புரதம் திரிந்துவிடும். கரைத்ததை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்; இந்த வெக்கையில் புளிக்க நேரம் எடுக்காது.

அளவு: நாளுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கீழெல்லை. வளர வேண்டிய கன்றுக்கு முதல் வாரத்தின் பின் ஆறில், ஏழில் ஒரு பங்கு வரை மெல்ல மெல்ல ஏற்றலாம். சோர்ந்த கன்றுக்கு அதே அளவை நான்கு வேளையாகப் பிரியுங்கள். நேரமும் சூடும் செறிவும் நாளுக்கு நாள் மாறாதிருப்பது முக்கியம். ஒரு மாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் நான்கைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றவும். எடை தெரியாவிட்டால் தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்னெலும்பு வரை நீளத்தையும் சென்ரிமீற்றரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் கிலோ வரும். 72 சுற்றளவும் 65 நீளமும் உள்ள கன்று 31 கிலோ.

எவ்வளவு வாங்குவது? நாளுக்கு அரைக் கிலோ மா என்றால் எட்டு வாரத்துக்கு 28 கிலோ. ஒரு 25 கிலோப் பை கிட்டத்தட்டப் போதும். ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில் திறந்த பை விரைவில் கட்டிபடும், பூஞ்சணம் பிடிக்கும். திறந்த அன்றே இறுக்க மூடும் பிளாஸ்டிக் வாளிகளில் பிரித்துப் போட்டு, சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். பெரிய பையை உடைத்துச் சில்லறையாகக் கிலோக் கணக்கில் கட்டிக் கொடுக்கும் மாவை மலிவு என்று வாங்காதீர்கள். அதில் காலாவதித் திகதி இல்லை, சேர்மானம் இல்லை, எத்தனை நாள் காற்றில் திறந்து கிடந்தது என்பதும் இல்லை. மணந்து பாருங்கள்: நல்ல மாவில் மெல்லிய இனிப்புப் பால் வாசம்தான் இருக்கும். எண்ணெய்ச் சிக்கு வாசம், பெயின்ற் வாசம், எரிந்த வாசம் எதுவும் இருக்கக்கூடாது.

உணவுக்குழாய்

உறிஞ்ச மறுக்கும் கன்றுக்கு இது உயிர். தெரியாமல் பாவித்தால் உயிரை எடுப்பதும் இதுதான். முதல் தடவை மிருக வைத்தியரோ பழகிய ஒருவரோ பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.

வாங்கும்போது நுனியில் உள்ள குமிழைத் தடவிப் பாருங்கள். அச்சில் வார்த்த தழும்பு ஒன்று நகத்துக்குத் தட்டுப்பட்டாலும் அது தொண்டையைக் கிழிக்கும். குமிழ் பெரிதாக, வழுவழுப்பாக இருந்தால் மூச்சுக்குழலுக்குள் எளிதில் நுழையாது. குழாயோடு வரும் பை இரண்டு லீற்றருக்கு மேல் கொள்ள வேண்டும். குழாயில் அடைப்புப் பிடி இருக்க வேண்டும். பழைய சோனகத் தெருவில் இரும்புக்கடையில் குழாய் வெட்டி, வீட்டில் செய்யும் யோசனை வேண்டாம். வெட்டிய விளிம்பை எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் குமிழ் வராது.

விடும் முன் மூக்கு நுனியிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை வைத்து அளந்து, அந்த இடத்தில் நாடா ஒட்டுங்கள். குமிழைப் பாலில் நனைத்து, நாக்கின் மேலாக மெதுவாகக் கொண்டுபோய், கன்று விழுங்கும்போது தள்ளுங்கள். வலுக்கட்டாயம் வேண்டாம். நாடா வாய்க்கு வந்ததும் கழுத்தைத் தடவுங்கள். இரண்டு குழல் கைக்குத் தெரிய வேண்டும்: வரிவரியாகக் கடினமாக இருக்கும் மூச்சுக்குழல் ஒன்று, அதற்கு இடப்பக்கமாக நீங்கள் விட்ட குழாய் மற்றொன்று. குழாயை மெல்ல அசைத்தால் குமிழ் தோலுக்கு அடியில் நகர்வது விரலுக்குப் படும். ஒன்றுதான் தெரிகிறது, கன்று இருமுகிறது, குழாய் முனையில் மூச்சுக்காற்று அடிக்கிறது என்றால் உடனே வெளியே எடுங்கள். சரியென்று உறுதியான பிறகே பிடியைத் திறந்து, பையைத் தூக்கிப் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள். முடிந்ததும் பிடியை மூடி, குழாயை மடித்து நெரித்தபடி எடுக்கவும். இல்லாவிட்டால் மிச்சத் துளிகள் வெளியே வரும் வழியில் மூச்சுக்குழலில் விழும்.

குழாய் வழி போவது முதல் அறையில்தான் விழும். கடும்புப் பாலும் உப்புக்கரைசலும் அங்கிருந்து வழிந்து போய்விடும், அதனால் இரண்டுக்கும் குழாய் சரி. பாலைத் தினமும் இப்படிக் கொடுத்தால் அங்கே புளிக்கும். ஆகவே ஒவ்வொரு வேளையும் முதலில் விரலை வாயில் வைத்துப் பாருங்கள்; உறிஞ்சினால் போத்தல்தான். கழிச்சல் கன்றுக்குப் பாவித்த குழாயைப் பிறந்த கன்றுக்குப் பாவிக்கக்கூடாது. இரண்டு வைத்திருப்பதே முறை.

கழிச்சலுக்கு உப்புக்கரைசல்

பார்மசியில் கிடைக்கும் ஜீவனி எல்லோர் கைக்கும் முதலில் வருவது. ஒன்றுமில்லாத இரவில் அதைக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் அது மனிதருக்கானது. உலக சுகாதார அமைப்பின் 2002க்குப் பிந்திய சூத்திரத்தில் லீற்றருக்குச் சோடியம் 75 மில்லிமோல். கன்றுக்கு 90 முதல் 130 வரை வேண்டும். அதைவிடப் பெரிய குறை, கழிச்சலில் கன்றின் இரத்தம் அமிலமாகும்போது அதைத் திருப்பும் காரப்பொருள் மனிதக் கரைசலில் கன்றுக்குப் போதாது. கன்றுக்கான பையில் பைகார்பனேற்று அல்லது அசற்றேற்று இருக்கும். பாலும் தொடர்ந்து கொடுக்கும் கன்றுக்கு அசற்றேற்று உள்ளதே சிறந்தது; பைகார்பனேற்று வயிற்றில் பால் உறைவதைத் தடுக்கும்.

ஒரு தடவைக்கு இரண்டு லீற்றர், நாளுக்கு இரண்டு மூன்று தடவை, பால் வேளைகளுக்கு இடையில் குறைந்தது இரண்டு மணித்தியாலம் விட்டு. பாலை நிறுத்தாதீர்கள். உப்புக்கரைசலில் சத்து மிகக் குறைவு. அதை மட்டும் இரண்டு நாள் கொடுத்த கன்று பசியால் சாகும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். இரண்டு விநாடிக்குள் சமமானால் வீட்டில் சமாளிக்கலாம். கூடாரம்போல் நின்றால், கண் குழிக்குள் போயிருந்தால், காதும் காலும் குளிர்ந்தால், எழும்ப மாட்டாவிட்டால் வாய்வழி போதாது. நாளத்தில் சேலைன் ஏற்ற வேண்டும். கொழும்பில் உள்ள தனியார் மிருக வைத்தியசாலைகள் பல நாய் பூனைக்குத்தான். உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்தியர் அலுவலகத் தொலைபேசி இலக்கத்தைக் கன்று பிறக்கும் முன்பே எழுதி வையுங்கள்.

சின்னச் சாமான்கள்

டிஜிட்டல் வெப்பமானி, பார்மசியில் வாங்குவதே போதும். ஆகக் குறைந்த காசுக்கு ஆகக் கூடிய பயன் தருவது இதுதான். ஆசனவாயில் 38.5 முதல் 39.5 வரை சரி. 38க்குக் கீழே போனால் பாலுக்கு முன் துவாயால் துடைத்துச் சூடேற்ற வேண்டும், 39.5க்கு மேல் காய்ச்சலைச் சந்தேகிக்கவும். மத்தியானத் தகரக் கூரை வெக்கையில் கொஞ்சம் கூடிக் காட்டும், காலையில் அளப்பது நம்பகம்.

இணையத்தில் கன்றுச் சட்டை விற்கிறார்கள். குளிர்நாட்டுச் சாமான். கொழும்பில் கன்றைக் கெடுப்பது நனைவும் வெக்கையும். காய்ந்த வைக்கல், நல்ல காற்றோட்டம், இரவு மழைச் சாரல் படாத மூலை ஆகியவற்றுக்கு ஈடாக எதையும் வாங்க முடியாது.

தொப்புளுக்கு அயடின். தெளிப்பதை விட, சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடி முழுவதையும் அமிழ்த்துங்கள். பிறந்தவுடன் ஒருமுறை, பன்னிரண்டு மணித்தியாலத்தில் மறுபடி. செய்யாமல் விட்டால் கொடி வழியே கிருமி ஏறி, மூட்டு வீங்கிக் கன்று நொண்டலாம்.

எருமைக் கன்றென்றால் பூச்சி மருந்து பிந்தக்கூடாது. பெரிய உருண்டைப் புழு தாய்ப்பாலோடே கன்றுக்குள் போய்விடும். முதல் நாட்களில் தாயைக் குடித்த கன்றுக்கு இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வைத்தியரிடம் கேட்டு மருந்து கொடுங்கள்.

கன்றுத் தீனி

மூன்றாம் நாளிலிருந்து தண்ணீர் வாளி, ஒரு பிடி தீனி, இரண்டும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பால் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று விடக்கூடாது. முதல் அறை வளர அங்கே தண்ணீரும் தானியமும் போய்ப் புளிக்க வேண்டும், பால் அங்கே போவதில்லை. தீனியில் புரதம் 18 முதல் 20 சதவீதம். கறவை மாட்டுத் தீனியை அள்ளிப் போடாதீர்கள். யூரியா சேர்த்த தீனி கன்றுக்கு ஆகாது. உருண்டையாக அழுத்திய வகையை வாங்குங்கள், தூளாக இருந்தால் மூக்கில் ஏறும், வாளியில் பசையாகும். மலிவு என்று 50 கிலோ மூடை எடுத்தால் மழைக்காலத்தில் பாதியில் பூஞ்சணம் பிடிக்கும். சிறிய பையாக எடுங்கள். கையை ஆழமாக விட்டு நடுவிலிருந்து அள்ளி மணந்து பாருங்கள். மிச்சத்தைத் தினமும் மாற்றிப் பெரிய மாட்டுக்குப் போடலாம். நாளுக்கு ஒரு கிலோ தீனியை மூன்று நாள் தொடர்ந்து தின்ற கன்றுக்கு, எட்டு வாரமும் ஆகியிருந்தால், முதலில் ஒரு வேளைப் பாலை நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்துத் தீனி குறையாமல் இருந்தால் மற்ற வேளையையும் நிறுத்தலாம். சிறிய நாட்டுக் கன்றுக்கு முக்கால் கிலோவே போதும்.